ஆணி அடிக்கும் முன் படத்தைப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புது வீடு, புது ஃபிளாட் என்று கிரகப்பிரவேசத்துக்குப் போனால் ஹாலில் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறேன். தஞ்சாவூர் ஓவியம் இருந்த இடத்தில் பழுப்பு நிற வரைபடம், பாய்மரக் கப்பல், தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பயணி. 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கும் ஆண்டிஸ் மலைக்கும் இமயமலைக்கும் போன ஆய்வுப் பயணிகளின் பழைய அச்சுப்படங்களை மறுபதிப்பாக எடுத்து, நாலு படம் ஒரு செட் என்று விற்கிறார்கள். சோபா நிறத்துக்குப் பொருந்துகிறது என்று வாங்குகிறார்கள். தப்பில்லை. முப்பத்து நாலு வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் இதனாலேயே இரண்டு மாதமாக மனஸ்தாபம். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் கேட்காதீர்கள்.) அவள் கணவர் ஹாலில் மாட்டியது ஸ்டான்லி, லிவிங்ஸ்டனைச் சந்திக்கும் படம். மாமனார் ஊரிலிருந்து வந்தவர், "சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் கழிச்சும் வெள்ளைக்காரனை நடு வீட்ல வெச்சுக் கும்பிடணுமா?" என்று கேட்டுவிட்டார். மகன், "அப்பா, அது சும்மா டெக்கரேஷன்" என்றார். பெரியவர் அதற்குப் பிறகு ஹாலில் உட்காருவதில்லையாம், சாப்பாடு கூட உள்ளறையில்தானாம். இதற்கு நடுவில் எட்டு வயதுப் பேத்தி, "பின்னாடி நிக்கிறவங்க பேரெல்லாம் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. "கழட்டிடட்டுமா டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்று எனக்கு போன்.

நான் முதலில் கேட்ட கேள்வி, படம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. வாசல் நிலைக்கு மேலே, கயிறு கட்டி, முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருக்கிறார்களாம். நம் வீடுகளில் அந்த இடம் யாருக்கு? சாமிக்கு. அடுத்து, மாலை போட்ட தாத்தா பாட்டிக்கு. அங்கே யாரை மாட்டினாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பெரியவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. முதலில் அதை இறக்கச் சொன்னேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் ஏறக்குறைய அந்த உயரம்தான். கண்ணுக்கு நேராக வந்தால்தான் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியும்.

சரி, அந்தப் படத்தில் யார்தான் இருக்கிறார்கள்? இடம் டாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி, வருஷம் 1871. இரண்டு வெள்ளையர்கள் தொப்பியைக் கையில் எடுத்து மரியாதை செய்துகொள்கிறார்கள். ஸ்டான்லி பக்கம் அமெரிக்கக் கொடி, சுற்றிலும் கூட்டம். 1872இல் ஸ்டான்லி எழுதிய புத்தகத்தில் வந்த மரச்செதுக்குப் படம். வரைந்தவர் அந்த இடத்தில் இருந்தவர் இல்லை. ஸ்டான்லி சொன்னதை வைத்து வரைந்ததுதான். 'நீங்கள்தான் டாக்டர் லிவிங்ஸ்டன் என்று நினைக்கிறேன்' என்று அவர் கேட்டதாக உலகமே சொல்கிறதே, ஸ்டான்லியின் சொந்த நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பு இருக்க வேண்டிய பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது! வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். ஸ்டான்லியின் பயணக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவர் பெயர் பாம்பே. ஆமாம், நம்ம பம்பாயேதான். சிதி முபாரக் பாம்பே. யாவோ இனத்துப் பிள்ளை. சிறு வயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, விற்கப்பட்டு, கடல் தாண்டி மேற்கு இந்தியாவுக்கு வந்து, எஜமானர் இறந்ததும் விடுதலையாகி ஊர் திரும்பியவர். ஒட்டிக்கொண்டு போனது அந்தப் பெயர். பர்ட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கேமரூன் என்று நம் பாடப்புத்தகத்தில் யார் யார் பெயரைப் படித்தோமோ அத்தனை பேரோடும் நடந்தவர் இவர். ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் பார்த்தார்கள், பாம்பே எல்லாவற்றையும் பார்த்தார். லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஓய்வூதியமும் கொடுத்தது.

லிவிங்ஸ்டன் பக்கத்தில் ஸ்டான்லியிடம் ஓடி வந்து முதலில் பேசியவர் சூசி. இந்தச் சூசிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

லிவிங்ஸ்டன் இறந்த பிறகு, 1874இல் அவருடைய கடைசி நாட்குறிப்புகள் இரண்டு பாகங்களாக அச்சாயின. இரண்டாம் பாகத்தில் ஒரு படம் இருக்கிறது. வெள்ளம். நாணல். ஒரு கறுப்பு மனிதர் தண்ணீருக்குள் நடந்துவருகிறார், தண்ணீர் அவர் வாய்வரை வந்துவிட்டது. அவர் தோளில் கிழவர் லிவிங்ஸ்டன் உட்கார்ந்திருக்கிறார். கீழே இருப்பவர் சூசி. 1873 ஜனவரி, இன்றைய ஜாம்பியாவில் பாங்வேலு சதுப்பு. லிவிங்ஸ்டனுக்கு ரத்தப்போக்கு, நடக்கத் தெம்பில்லை. ஆற்றைக் கடக்கும்போது ஒருவர் களைத்ததும் அடுத்தவர் என்று தோள் மாற்றிச் சுமந்தார்கள். இதை லிவிங்ஸ்டனே எழுதிவைத்திருக்கிறார், சூசியின் பெயரோடு. படத்தின் அடியிலும் சூசியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துப் பயணப் படங்களில் சுமக்கிறவனுக்குப் பெயர் போடுவது சாதாரணம் இல்லை. பெரும்பாலும் 'சுதேசிகள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்து, மே மாதத் தொடக்கத்தில், சித்தாம்போ என்பவரின் கிராமத்தில் லிவிங்ஸ்டன் இறந்துபோனார். படுக்கைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்ட நிலையில் உயிர் போயிருந்தது. கூட ஒரு வெள்ளையர் கிடையாது. அங்கேயே புதைத்துவிட்டு அவரவர் ஊருக்குப் போயிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? சூசி, சூமா, ஜேக்கப் வெயின்ரைட், இன்னும் அறுபதுக்குக் குறையாத ஆட்கள் கூடிப் பேசி உடலைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். இதயத்தையும் குடலையும் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். வெயின்ரைட் ஜெபம் படித்து, மரத்தில் பெயரைச் செதுக்கினார். உடலை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, துணியாலும் மரப்பட்டையாலும் சுற்றி, கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாகமோயோ துறைமுகம் சேர்ந்தது 1874 பிப்ரவரியில். சுமார் 1,600 கிலோமீட்டர்.

வழியில் தபோரா பக்கம் கேமரூன் என்ற ஆங்கிலேய அதிகாரி எதிர்ப்பட்டு, இங்கேயே அடக்கம் செய்துவிடலாமே என்றார். மாட்டோம் என்றார்கள். பிணத்தோடு உள்ளே விடமாட்டோம் என்று ஓர் ஊர் மறித்தபோது, உடலைத் திரும்பக் கொண்டுபோவதுபோல் ஒரு பொய்ச் சுமையோடு சிலரை வந்த வழியே அனுப்பிவிட்டு, நிஜ உடலைத் துணி மூட்டைபோலக் கட்டித் தாண்டிப் போனார்கள். சொந்தபந்தத்தின் உடலை வெளியூரிலிருந்து கொண்டுவந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆம்புலன்ஸிலும் விமானத்திலும் கொண்டுவரவே எத்தனை பாடு.

1874 ஏப்ரல் 18இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். சவப்பெட்டியோடு நடந்தவர்களில் ஸ்டான்லி உண்டு, ஜேக்கப் வெயின்ரைட்டும் உண்டு. சூசியும் சூமாவும் அந்த நாளுக்கு இல்லை, பிறகுதான் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தக் கடைசி நாட்குறிப்பைப் பதிப்பிக்கும்போது ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், நடந்த வழி எல்லாம் சரிபார்க்க உதவியவர்கள் அவர்கள்தான்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1864இல் லிவிங்ஸ்டன் 'லேடி நியாசா' என்ற சின்ன நீராவிப் படகில் சான்சிபாரிலிருந்து பம்பாய்க்கே வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களில் சூசியும் சூமாவும் உண்டு. சூசி பம்பாய்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். சிறுவன் சூமா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஜேக்கப் வெயின்ரைட் படித்தது நாசிக்கில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக நடந்த மிஷன் பள்ளியில். அந்த மரத்தில் பெயரைச் செதுக்கிய கைக்கு எழுத்து பழக்கியது நம் நாட்டுப் பள்ளிக்கூடம். ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

மாணவியிடம் சொன்னேன்: ஸ்டான்லி படத்தைக் கழற்ற வேண்டாம், அதன் பக்கத்தில் சூசி படத்தையும் மாட்டு. புத்தகத்தின் பழைய பதிப்புகளை நூலகங்கள் ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கின்றன. நல்ல தாளில் அச்சடித்தால் போதும். பேத்தி கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டு. மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல், அவர் பேத்திக்குச் சொல்லட்டும்.

சிங்கப் படம் என்று ஒன்றும் இந்த செட்களில் வரும். லிவிங்ஸ்டன் கீழே கிடக்க, மேலே சிங்கம். 1857இல் அவர் எழுதிய புத்தகத்தில் வந்தது. சிங்கத்தைத் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அவரே பதிப்பாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிங்கம் முக்கியம் இல்லை. துப்பாக்கியைத் தூக்கிச் சிங்கத்தின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பி, தொடையில் கடியும் வாங்கியவர் மெபால்வே. அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்! அன்று சிங்கம் நொறுக்கிய இடது கை எலும்பை வைத்துத்தான் முப்பது வருஷம் கழித்து லண்டனில் உடலை அடையாளம் கண்டார்கள்.

என் வீட்டு ஹாலுக்கு ஒரே ஒரு படம் என்றால் நான் எடுப்பது இவை எதுவும் இல்லை. ஹம்போல்ட்டின் 'கிண்டியோ கணவாய்'. இன்றைய கொலம்பியா. அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1801இல் அந்த மலைப்பாதையைக் கடந்தார். 1810இல் தொடங்கி பாரிஸில் வெளியான அவருடைய பெரிய படப்புத்தகத்தில் ஐந்தாவது தட்டு இது. தூரத்தில் பனி மூடிய தோலிமா சிகரம். முன்னால் மலைவழி. அதில் சிலர் முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அந்த நாற்காலியில் பயணி உட்கார்ந்து, பின்பக்கம் பார்த்தபடி போவார். இப்படிச் சுமப்பவர்களுக்குக் 'கார்கேரோ' என்று பெயர். சபரிமலையில் டோலி தூக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே நாலு தோள், இங்கே ஒரே முதுகு.

ஹம்போல்ட் கணக்குப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். ஒருவர் சுமப்பது 75 முதல் 88 கிலோ. முதுகு விலங்கின் முதுகுபோலப் புண்ணாகிப் போகும். வழியில் வீடு வாசல் கிடையாது. விஹாவ் என்ற செடியின் பெரிய இலைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய், ராத்திரி குச்சி நட்டு அந்த இலையால் கூரை வேய்ந்துகொள்வார்கள். நாம் ஓலைக்கீற்றை வைத்துச் செய்வதைத்தான் அவர்கள் அந்த இலையால் செய்தார்கள். நாற்காலியில் ஏறச் சொன்னபோது ஹம்போல்ட்டும் கூட வந்த போன்ப்ளானும் மறுத்துவிட்டார்கள். மழையில் செருப்பு பிய்ந்து, வெறுங்காலோடு நடந்தார்கள்.

அவர் எழுதியதில் என்னை நிறுத்திய இடம் வேறு. அந்தப் பக்கத்து மலைப்பாதை ஒன்றைச் சரிசெய்ய ஒரு திட்டம் வந்தபோது, எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் கார்கேரோக்களே. பாதை நன்றாக இருந்தால் சுமக்க ஆள் எதற்கு? பிழைப்பு போய்விடும். அரசாங்கமும் அதற்கு இணங்கியது. ஹம்போல்ட்டுக்கு அதில் எரிச்சல், அரசாங்கத்தின் பலவீனம் என்கிறார். நான் அவர் பக்கம் பாதி, அவர்கள் பக்கம் பாதி. அந்த முதுகுப் புண்ணை அவர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள், ஆனால் வேறு சோற்றுக்கு வழியை யாராவது காட்டினார்களா? பத்தாம் வகுப்பில் போக்குவரத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் படத்தைத் திரையில் போட்டு ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம்.

மாட்டச் சொல்லமாட்டேன் என்று ஒரு படமும் உண்டு. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் இமயமலையில் இருப்பதாக 1854இல் லண்டனில் வெளியான மெஸோடின்ட் படம். ஹூக்கர் நடுவில் ராஜாபோல் உட்கார்ந்திருப்பார், லெப்ச்சா மக்கள் பணிந்து பூக்களை நீட்டுவார்கள். இதே ஹூக்கர் தன் பயண நூலில் லெப்ச்சாக்களை எவ்வளவோ பிரியமாக எழுதியிருக்கிறார். அவர் மேல் ஆசை இருந்தால், அவர் களத்தில் வரைந்த கோட்டோவியங்களைக் கொண்டு ஃபிட்ச் என்ற கலைஞர் கல்லச்சில் வரைந்த சிக்கிம் ரோடோடென்ட்ரான் படங்களை வாங்குங்கள், 1849 முதல் 1851 வரை வந்தவை. படுக்கையறைக்கு அவ்வளவு குளிர்ச்சி. பூக்களில் ஒன்றுக்குக் கவர்னர் ஜெனரலின் மனைவி டல்ஹவுசி சீமாட்டியின் பெயர் என்பதையும் பார்த்து வையுங்கள்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. வடதுருவத்தில் 1845இல் இரண்டு கப்பல், 129 பேரோடு மறைந்துபோன ஃபிராங்க்ளின் குழுவை நினைத்து லேண்ட்சீர் வரைந்த ஓவியத்தில், உடைந்த கப்பலின் மிச்சத்தைப் பனிக்கரடிகள் கடித்துக்கொண்டிருக்கும். மூல ஓவியம் லண்டன் பக்கத்தில் ராயல் ஹாலோவே கல்லூரி மண்டபத்தில் இருக்கிறது. பரீட்சை நாளில் அதைப் பார்த்தால் ஃபெயில் என்று மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை, அதனால் தேர்வு நேரத்தில் அதன் மேல் கொடியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். நம்மூர்ப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

நம் நாட்டு ஆள் யாரும் இல்லையா டீச்சர் என்று கேட்பீர்கள். நைன் சிங் ராவத் இருக்கிறாரே. குமாவூன் மலையில் மிலம் கிராமத்துக்காரர். அவரும் பள்ளி ஆசிரியர், அதனால்தான் 'பண்டிட்' என்று பெயர். ஆங்கிலேய நில அளவைத் துறைக்காக மாறுவேடத்தில் திபெத்துக்குள் போய், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புக் காகிதங்கள் ஜபச் சக்கரத்துக்குள். 1877இல் ராயல் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம். பழைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், ஒரே அளவாக அடிவைத்து, நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டை என்று நாம் பள்ளி மைதானத்தை அளந்தோமே, அது அவருடைய முறைதான். ரகசியப் பயணம் என்பதால் கூடவே படம் வரைகிறவர் யாரும் போகவில்லை. 2004இல் தபால்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. என் மேசைக்கு எதிரே, அகலமான வெள்ளை அட்டைக்கு நடுவில் அந்தச் சின்னத் தபால்தலைதான் இருக்கிறது.

கடைசியாக, ஃபிரேம் கடைக்குப் போகிறவர்களுக்கு. பழைய மூலப்படம் என்று சொல்லி அதிக விலை கேட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது இக்கால அச்சு. அந்த விலைக்கு வாங்காதீர்கள். மேற்கு வெயில் படும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை கேளுங்கள், கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது. ஃபிரேமின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து இடைவெளி விட்டால் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அவ்வளவாக அண்டாது.

படத்தின் அடியில் இருக்கும் வெள்ளை விளிம்பை வெட்ட விடாதீர்கள். ஃபிரேம் அளவுக்கு வரவில்லை என்று கடைக்காரர் கத்தரியை எடுப்பார். இடது மூலையில் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும். கிண்டியோ படத்தில் பாருங்கள்: ஹம்போல்ட்டின் கோட்டோவியத்தை வைத்து வரைந்தவர் ரோமில் இருந்த கோக், செதுக்கியவர் ஸ்டுட்கார்ட்டில் இருந்த டுட்டன்ஹோஃபர். சூசி படத்தில் அவர் பெயர் இருப்பதும் அந்த விளிம்பில்தான்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் உங்கள் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். யார் யார் என்று தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.